லுசியாவின் வெள்ளிக்கிழமை

வேன் இன்னும் நன்னிலத்தையே தாண்டவில்லை. அதற்குள் பெரியப்பாவிடமிருந்து மறுபடியும் போன்.

"இதோ வந்துட்டோம் மாமா. கோயில் வாசல்லதான் வண்டிய ஓரங்கட்டுறாரு டிரைவரு" என்றாள் தையல்நாயகி, ஜன்னலுக்கு வெளியே நன்னிலம் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டே. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. இதையெல்லாம் பொய் என்று சொன்னால் நம் பக்கத்தில் ஒரு ஆளும் மிஞ்சமாட்டார். சொல்கிறவளுக்கும் வண்டி எங்கே நிற்கிறதென்று தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். யாருக்கும் இதில் மனத்தாங்கல் கிடையாது.

பின் சீட்டில் இருந்த அவள் மகள் கயல்விழிக்கு இதைக் கேட்டுச் சிரிக்கும் நிலைமை இல்லை. போனை எடுத்து மெயிலைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். பேரளம் ரயில்வே கேட் வருவதற்குள் இன்னும் எத்தனை முறை எடுத்துப் பார்த்தாளோ, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா அன்பரசனுக்கே கை வலித்திருக்கும். முடிவு வெள்ளிக்கிழமை வரும் என்று சொல்லியிருந்தார்கள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. பொழுது விடிந்து வெயிலும் ஏறிவிட்டது.

என்ன முடிவு என்று சொல்லிவிடுகிறேன். கயல்விழி தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கடைசி வருடத்துக்கு வந்திருக்கிற பெண். இந்த மூன்று மாதமாக வீட்டிலிருந்தபடியே ஒரு ஓப்பன் சோர்ஸ் பயிற்சியில் இருந்தாள். ஓப்பன் சோர்ஸ் என்றால் ஊர்ப் பொதுவில் கிடக்கிற மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பழுது இருந்தால் சரி பண்ணலாம். புதிதாக வருகிற மாணவர்களை ஒரு வழிகாட்டியோடு சேர்த்துவிட்டு ஒரு வேலையைக் கொடுப்பார்கள். கடைசியில் அந்த வழிகாட்டிதான் பாஸா ஃபெயிலா என்று எழுதவேண்டும். பாஸ் என்றால் அவள் எழுதியது அவள் பெயரோடு உலகத்துக்குப் போகும். ஃபெயில் என்றால் மூன்று மாத உழைப்பும் குப்பையில்.

குப்பைக்குப் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அன்பரசனின் அண்ணன், கயலின் பெரியப்பா ஐயாவு ஒருத்தர் இருக்கிறாரே! மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகச் சம்பளம் வாங்கிய ஆள் என்பதால் அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. சென்னையில் தெரிந்தவர் ஒருவரின் அலுவலகத்தில், வருகிற பில்லையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலைக்குக் கயலுக்கு இடம் பிடித்துவைத்திருந்தார். கடைசி வருடம் ஆறு மாதம் எங்காவது வேலை பழகவேண்டும், அப்படியே அங்கேயே ஒட்டிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. "ரூமுக்குள்ள ஒக்காந்துக்கிட்டு மொகம் தெரியாதவனுக்கு வேல பாக்குது, இதுல என்னா ஆவப்போவுது?" என்று கேட்டார். தையல்நாயகி மகளுக்காக வரிந்துகட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டாள். "இது தேறலன்னா நீங்க சொன்ன எடத்துக்கே அனுப்பிச்சிடுறேன் மாமா. இது எஞ் சொல்லு."

அந்தப் பெரியப்பாவுக்கும் பெரியம்மா ராமாயிக்கும்தான் இன்றைக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். பாருங்கள், நாள் எப்படிக் கூடிவருகிறது!

கயல் சேர்ந்தது முறை பிரித்துக் கொடுக்கிற ஒரு செயலியில். பொதுவில் ஒரு பொருள் இருக்கும், அதைப் பல பேர் முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள். யார் முறை எப்போது என்று செயலி கணக்குப் போட்டு, நேரம் வந்ததும் போனில் மணி அடிக்கும். எங்கோ ஒரு விடுதியில் துணி துவைக்கிற மெஷினுக்கு, எங்கோ ஒரு மலையூரில் வாய்க்கால் தண்ணீருக்கு என்று பல தேசத்தில் பயன்படுத்தினார்கள். வாரமுறையைக் கணக்கிடுகிற பகுதியைப் புதிதாக எழுதித் தரவேண்டும் என்பது கயலின் வேலை. அவளுக்கு இது பழகிய விஷயம். கடைமடையில் இருக்கிற அவர்கள் குத்தகை வயலுக்கு மூன்று வீட்டுக்குப் பொதுவான ஒரு போர்க் கிணறுதான் கதி. புதன்கிழமை ராத்திரி ரெண்டு மணி அவர்கள் முறை. அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்தே வளர்ந்தவள்.

வழிகாட்டி லுசியா பெரு நாட்டில் இருந்தாள். கயல் முதல் வாரம் முழுக்க "மேடம், மேடம்" என்றே எழுதினாள். பேர் சொல்லிக் கூப்பிடு என்று லுசியா எவ்வளவோ சொல்லியும் விரல் வரவில்லை. கடைசியில் "லுசியாக்கா" என்று எழுதிவிட்டாள். அக்கா என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றிலிருந்து அந்தப் பெண்ணும் தன் செய்திகளுக்குக் கீழே அப்படியே கையெழுத்துப் போட ஆரம்பித்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கயல் எழுதினாள். தான் எழுதியது சரியா என்று பார்க்கிற சோதனைகளையும் அவளே எழுதினாள். எல்லாம் பச்சை விளக்கு காட்டியது. லுசியாவும் பார்த்துச் சரி என்று, முன்னோட்டமாகச் சில குழுக்களுக்கு மட்டும் கொடுத்துவைத்தாள். அப்பா போனில் போட்டுக் கொடுத்தாள். புதன்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல மணி அடித்தது. "நல்லாருக்கே" என்றார் அன்பரசன். அவர் வாயிலிருந்து அதுவே பெரிய வார்த்தை.

பயிற்சி முடிய ஒரு வாரம் இருக்கும்போது இடி விழுந்தது. போர்ச்சுக்கலில் ஒரு மலைக்கிராமம். ஊருக்கே பொதுவாக ஒரு ரொட்டி அடுப்பு. ஒருவருக்குச் சனிக்கிழமை காலை நாலு மணி முறை. மணி அடித்ததோ ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு. பிசைந்துவைத்த மாவு, விசேஷ வீட்டு இட்லி மாவு மாதிரி பொங்கி மேஜையெல்லாம் வழிந்து கிடக்கிற படத்தை அவர் எல்லோரும் பார்க்கிற பக்கத்தில் போட்டுவிட்டார். கீழே ஒரே வரி. யார் இதை எழுதியது?

கயல், தான் எழுதியதை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். தப்பே தெரியவில்லை. என்ன ஆயிற்று என்று லுசியா கேட்டதற்கு, "இதோ, கிட்டத்தட்ட முடிந்துவிட்டது" என்று பதில் போட்டாள். அம்மா வளர்த்த பிள்ளைதானே! உண்மையில் ஒரு மண்ணும் முடியவில்லை, எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை.

மறுநாள் லுசியா பேசக் கூப்பிட்டாள். "கயல், சனிக்கிழமை நாலு மணி என்றால் உனக்கு எது?"

"சனிக்கிழமை ராத்திரி படுத்துத் தூங்கி, விடியறதுக்கு முன்னாடி வருமே, அது."

"எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை" என்றாள் லுசியா. "எங்களுக்கு நாள் நடுராத்திரியில் மாறிவிடும்."

நடுராத்திரியில் தேதி மாறும் என்று கயலுக்குத் தெரியாதா? கம்ப்யூட்டர் படிக்கிற பெண். ஆனால் முறை என்று வந்ததும் கை தானாக வயலுக்குப் போய்விட்டது. விடிந்தால்தான் அடுத்த நாள். அதுவரை எந்த மணியானாலும் முந்தின நாள் கணக்கு. அவள் வீட்டில், அவள் தெருவில், அந்தப் போரைச் சுற்றி இருக்கிற மூன்று வீட்டிலும் அப்படித்தான். சோதனைகளையும் அவளே எழுதியதால் அவையும் அதே தப்பைச் சரியென்று தலையாட்டின.

"நானும்தான் பச்சை விளக்கைப் பார்த்துச் சரி என்றேன். கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை" என்றாள் லுசியா. "எல்லோருக்கும் நடுராத்திரி என்று மாற்றிவிட்டால் ஒரு மணி நேர வேலை. மதிப்பீட்டுக்கு அது போதும். நீயே முடிவு செய்."

ஒரு மணி நேர வேலை! யாராயிருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டு அதைச் செய்திருப்பார்கள். கயலும் செய்யத்தான் உட்கார்ந்தாள். அப்போது அப்பாவின் போன் ஞாபகம் வந்தது. நடுராத்திரி என்று வைத்தால் ரொட்டிக்காரருக்குச் சரியாகிவிடும், அப்பாவுக்கு ஒரு நாள் முன்னாடியே அடிக்கும். அவர் முறை வருகிற ராத்திரி போன் வாயை மூடிக்கொண்டு கிடக்கும். வயல் காயும். நான் எழுதிய செயலி எங்கள் வீட்டுக்கே ஆகாது என்றால் அப்புறம் என்ன எழுதிக் கிழித்தேன் என்று அவளுக்குக் கோபம் வந்தது.

கூடப் படிக்கிற சித்தீக்கிடம் புலம்பினாள். பொறையாறு பையன். அவன் சிரித்துவிட்டான். "எங்க வீட்டுக்கு ஒங்க ரெண்டு கணக்குமே ஆவாது. எங்களுக்குப் பொழுது சாஞ்சாலே அடுத்த நாள் பொறந்துரும். வெள்ளிக்கிழமை ராவுன்னு எங்கம்மா சொன்னா, அது நீ வியாழக்கிழமைன்னு சொல்ற ராத்திரி."

அவ்வளவுதான். கயல் அந்தப் பொதுப் பக்கத்தில், ரொட்டிக்காரரின் படத்துக்குக் கீழே, மூடி மறைக்காமல் எழுதினாள். எழுதியது நான். எங்கள் ஊரில் விடிந்தால்தான் நாள். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன், மன்னியுங்கள். இனி ஒவ்வொரு குழுவிடமும் செயலியே முதலில் கேட்கும், உங்கள் நாள் எப்போது பிறக்கிறது என்று. நடுராத்திரியா, விடியலிலா, பொழுது சாய்ந்தா?

எழுதுவது சுலபம், செய்வதுதான் நாக்குத் தள்ளியது. ஒவ்வொரு ஊருக்கும் சூரியன் எழுகிற நேரம் வேறு, அடங்குகிற நேரம் வேறு. ஒரு பக்கம் கட்டினால் மறுபக்கம் உடைந்தது. கெடு முடிய மூச்சுவிடுகிற நேரம் இருக்கும்போதுதான் அனுப்பினாள். லுசியாவிடமிருந்து வந்தது ஒரே சொல். "பார்க்கிறேன்." அதற்கப்புறம் பேச்சுமூச்சில்லை.

திருக்கடையூரில் கூட்டம் சொல்லி மாளாது. மண்டபம் முழுக்க வரிசை வரிசையாக அறுபதும் எண்பதும் மணையில் உட்கார்ந்திருந்தார்கள். எந்த மாலை எந்த மாப்பிள்ளைக்கு என்று புரோகிதருக்கே குழப்பம். கலசத் தண்ணீரைப் பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சமாக ஊற்ற, பெரியப்பா நடுங்கிக்கொண்டே "போதும்டா, போதும்டா" என்றார். பெரியம்மா வெட்கப்பட்டதைப் பார்த்து சொந்தக்காரப் பெண்கள் ஓவென்று கத்தினார்கள். தாலி ஏறியது. அட்சதை போட்ட கையோடு கயல் போனை எடுத்தாள்.

மெயில் இல்லை. ஆனால் அவளோடு சேர்ந்த மாணவர்களின் குழுவில் ஒரே கொண்டாட்டம். ஜப்பானில் ஒரு பெண் பாஸ். கொச்சியில் ஒரு பையன் பாஸ். ஒவ்வொருத்தரும் பூங்கொத்துப் படமாகப் போட்டுத் தள்ளினார்கள். கயல் கணக்குப் போட்டாள். பாஸ் போடுகிறவர்கள் விடிந்ததும் போட்டுவிட்டார்கள். எனக்கு எப்படிச் சொல்வது என்று லுசியாக்கா தயங்குகிறாள். வேறு என்ன?

சாப்பாட்டுப் பந்தியில், மாலையும் கழுத்துமாகப் பெரியப்பா வந்து எதிரில் நின்றார். "என்னா கயலு, இன்னிக்கு ரிசல்ட்டுன்னியே. வந்துச்சா?"

இலையில் கை நின்றது. பக்கத்தில் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. "இதோ வந்துரும் பெரியப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அந்த "இதோ" அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

"எல்லாருக்கும் வந்துருச்சு பெரியப்பா. எனக்கு வரல. நான் ஃபெயிலு."

பந்தியில் பத்து இலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். பெரியப்பா ஏதாவது குத்திப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் பேசவில்லை. பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, "புள்ளைக்குப் பாயசம் ஊத்துடா" என்றார். "வுடு, இதுக்கெல்லாம் கலங்குவாங்களா? ஒனக்கு ஒரு வழி நான் பண்ணித்தாரேன்" என்று சொல்லி, மாலையைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்று சென்னைக்குப் போன் போட்டார். திங்கட்கிழமை பிள்ளை வருகிறாள் என்று சொல்லியும்விட்டார். பாயசம் கயலுக்கு இறங்கவே இல்லை.

திரும்புகிற வழியில் சொந்தக்காரப் பிள்ளைகள் அடம்பிடித்ததால் வேனைத் தரங்கம்பாடிக்கு விட்டார்கள். வந்ததுதான் வந்தோம், கடலைப் பார்த்துவிட்டுப் போவோம். பிள்ளைகள் அலைக்கு ஓடின. தையல்நாயகி சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்காமலே கையில் வைத்திருந்தாள். "ஏன்டி, அந்தப் பொண்ணு ஒன்ன அக்கா தங்கச்சின்னு சொல்லிட்டு இப்புடிப் பண்ணிட்டாளே" என்று அங்கலாய்த்தாள். அன்பரசன் கடலைப் பார்த்தபடி நின்றார்.

பொறையாறு பக்கத்தில்தான் என்பதால் சித்தீக் பைக்கில் வந்து இறங்கினான். கயலின் முகத்தைப் பார்த்ததும், "யாரு செத்தா?" என்றான்.

"ஃபெயிலு."

"மெயில் வந்துச்சா?"

"வரல. அதான் ஃபெயிலு. ஜப்பான்காரிக்கே காலையில வந்துருச்சு."

"ஜப்பான்காரியோட மென்டரு எங்க இருக்காரு?"

"ஜப்பான்ல."

"ஒம் மென்டரு?"

கயலின் கை போனுக்குப் போனது.

"ஒரு வாரமா நாள் எப்ப பொறக்குது, எப்ப பொறக்குதுன்னு என் உசுர வாங்குன. பெருல இப்ப மணி என்னா? போட்டுப் பாரு." சித்தீக் விழுந்து விழுந்து சிரித்தான். "இப்பத்தான் விடிஞ்சு அவுங்க பல்லு வெளக்கிட்டு இருப்பாங்க, மக்கு!"

பெருவில் அப்போதுதான் காலை. கயலுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. உலகத்துக்கெல்லாம் நாள் எப்போது பிறக்கும் என்று கணக்கு எழுதிக் கொடுத்தவள், தன் காரியம் என்று வந்ததும் திருக்கடையூரில் விடிந்தால் எல்லா ஊரிலும் விடிந்தது என்று இருந்துவிட்டாள். அதே தப்பு!

பொழுது சாய்ந்து, பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். "எங்களுக்குச் சனிக்கிழமையே பொறந்துருச்சு, நான் வரேன்" என்று சித்தீக் பைக்கை உதைத்துக் கிளப்பினான். அவன் பத்தடி போயிருப்பான். கயலின் போன் சிணுங்கியது.

*காலை வணக்கம், கயல். காபிகூடக் குடிக்கவில்லை, இன்றைக்கு முதல் வேலை உன்னுடையதுதான். பாஸ். நீ எழுதியதைச் சேர்த்தாகிவிட்டது. ரொட்டிக்காரர் நடுராத்திரி என்று வைத்துக்கொண்டார். மாவு இனி வழியாது என்று சொல்லச் சொன்னார். உன் அப்பாவின் விடியலை யாரும் தொடமாட்டார்கள். லுசியாக்கா.*

கயல் ஈர மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா! மூன்று மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, பசியும் வந்தது. அம்மாவின் கையிலிருந்து சுண்டலைப் பிடுங்கித் தின்றுகொண்டே "பாஸும்மா, பாஸு" என்றாள். தையல்நாயகி அவள் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளி, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பைக்கில் திரும்பிப் பார்த்த சித்தீக்கைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பார்த்தவர்கள் அந்தப் பையனை விரட்டுகிறாள் என்றுகூட நினைத்திருக்கலாம்.

மகள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அன்பரசன் விரல்விட்டு எதையோ கணக்குப் பார்த்தார். "அப்ப, நம்ம சோறு திங்கறப்ப அங்க வியாழக்கிழமை ராத்திரி ரெண்டு மணி" என்றார். பிறகு அவரே அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "அண்ணே, புள்ள பாஸு."

"என்னாடா ஒளர்ற? மத்தியானம் அதுவே ஃபெயிலுன்னு சொல்லுச்சு. நான் மெட்ராஸ்காரன்கிட்ட சொல்லிட்டேன்டா!"

தையல்நாயகி பாய்ந்து போனைப் பிடுங்கினாள். "மத்தியானம் அவுங்க ஊர்ல வியாழக்கிழமை ராத்திரி ரெண்டு மணி மாமா. அந்நேரத்துல எவ எந்திரிச்சு மார்க்குப் போடுவா? இப்பத்தான் அங்க வெள்ளிக்கிழமை விடிஞ்சுருக்கு. விடிஞ்சதும் மொத வேலையா எம் பொண்ணுக்குத்தான் போட்டுருக்காங்க!"

அந்தப் பக்கம் பெரியம்மா பின்னாலிருந்து "என்னாவாம், என்னாவாம்?" என்று கேட்பது கேட்டது.

"அதெல்லாம் சரி தையலு. இப்ப மெட்ராஸ்காரனுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

"வியாழக்கிழமை சொன்னத வெள்ளிக்கிழமை மாத்திக்கிட்டேன்னு சொல்லுங்க மாமா."

முதலில் சிரித்தது ராமாயி பெரியம்மாதான். அப்புறம் பெரியப்பாவும் சிரித்துவிட்டார்.